ஒரே சரக்கு ஒரு முறை பச்சை, ஒரு முறை சிவப்பு: சுங்கத்துறை எதை வைத்து முடிவு செய்கிறது?

கேட்கப்பட்டவை இரண்டு. ஒரே பொருளை ஒரே ஆளிடமிருந்து மாதாமாதம் இறக்குமதி செய்கிறோம். ஐந்து முறை கேள்வியே இல்லாமல் வெளியே வருகிறது (இது பச்சை), ஆறாவது முறை கன்டெய்னரைத் திறந்து அட்டைப்பெட்டிகளை எல்லாம் இறக்குகிறார்கள் (இது சிவப்பு), ஏன்? அடுத்தது, எதைத் திறப்பது என்று போடும் இந்த ஊகக் கணக்கெல்லாம் எதற்கு, வருகிற எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் தீர்ந்ததே? இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்தால் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு துறைமுகத்தில் நாளைக்கு 3,000 கன்டெய்னர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்கேனர் மணிக்கு 20 கன்டெய்னரைப் பார்க்கும் என்றால், 20 மணி நேரம் ஓட்டினாலும் 400தான் ஆகும். எட்டு ஸ்கேனர் வேண்டும். சரி, பணம் இருந்தால் வாங்கிவிடலாம். படத்தைப் படிப்பது யார்? ஒரு படத்துக்கு 6 நிமிடம் என்றால் 3,000 படத்துக்கு 300 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டில், நிமிர்ந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், 38 பேர் வேலை செய்ய வேண்டும். அப்போதும் படத்தில் தெரிவது அடர்த்தியும் வடிவமும்தான். ஒரே பொருள் சீராக அடுக்கியிருந்தால் நடுவில் இருக்கும் வேற்றுப் பொருள் கண்ணில் குத்தும். பத்து வகைச் சாமான் கலந்து வந்தால் எது வேற்றுப் பொருள் என்றே சொல்ல முடியாது. விலையைப் பாதியாகக் குறைத்துக் காட்டியிருந்தாலோ, பொருள் உற்பத்தியான நாட்டைப் பொய்யாகச் சொல்லியிருந்தாலோ, எந்த எக்ஸ்ரேயிலும் அது விழாது. அமெரிக்கா 2007இல் சட்டமே போட்டது: 2012 ஜூலைக்குள் தன் நாட்டுக்கு வரும் கடல்வழி கன்டெய்னர் எல்லாம் வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே ஸ்கேன் ஆக வேண்டும் என்று. கெடு தள்ளித் தள்ளிப் போடப்பட்டதே தவிர, நடைமுறைக்கு வரவில்லை.

ஆகவே எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, எதைப் பார்ப்பது என்று தேர்வு செய்வதுதான் இடர் மேலாண்மை. உலக சுங்க அமைப்பின் திருத்தப்பட்ட கியோட்டோ உடன்படிக்கை (1999இல் ஏற்கப்பட்டு 2006இல் நடைமுறைக்கு வந்தது) சட்டத்தை நிறைவேற்றத் தேவையான அளவுக்கு மேல் சோதனை கூடாது, அதற்கு இடர் மேலாண்மையைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. 2017 பிப்ரவரியில் அமலுக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம், 7ஆம் பிரிவில் இதையே கடமையாக்குகிறது. தேர்வு தன்னிச்சையாகவோ நியாயமற்ற பாகுபாட்டோடோ இருக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது.

இடர் என்றதும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் முதல் தவறு. வரி குறைவாகக் கட்டுவது ஓர் இடர். போதைப்பொருள், ஆயுதம் வேறு. செடி, விலங்கு நோய் பரவுவது வேறு. விமானத்தில் வெடிக்கும் பொருள் முற்றிலும் வேறு. இவற்றின் கெடு வெவ்வேறு. வரிப் பாக்கியைச் சரக்கு வெளியே போன பிறகும் வசூலிக்கலாம். இறக்குமதியாளர் எங்கும் ஓடிவிடாதவராக இருந்தால், ஆறு மாதம் கழித்து அவர் கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்வதே துறைமுகத்தில் பெட்டியை உடைப்பதைவிட நல்லது. பூச்சி அரித்த மரக்கட்டையை இறங்கிய இடத்திலேயே பிடித்தாக வேண்டும். வெடிபொருளை ஏற்றுவதற்கு முன்பே பிடிக்க வேண்டும், இறங்கிய பிறகு பிடித்துப் பயனில்லை. 2010 அக்டோபரில் ஏமனிலிருந்து பிரிண்டர் கார்ட்ரிஜ்களுக்குள் வைத்து அனுப்பிய வெடிகுண்டுகள் துபாயிலும் இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்திலும் பிடிபட்டன. அதற்குள் அவை விமானங்களில் ஏறி வந்தாகிவிட்டது. அதன் பிறகே விமானச் சரக்குக்கு ஏற்றுமுன் தகவல் தரும் முறை வந்தது. அனுப்புநர் பெயர், முகவரி, பெறுநர் பெயர், முகவரி, சரக்கு விவரம், எண்ணிக்கை, எடை என ஏழு, கூடவே ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) எண். இந்த எட்டை வைத்துக்கொண்டுதான் ஏற்றலாமா வேண்டாமா என்று சொல்கிறார்கள்.

ஒவ்வொரு சரக்கும் எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று மென்பொருள் மதிப்பெண் போடுகிறது. நான்கு வகை இடருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட்டால் என்ன ஆகும்? வரி இடரில் 60 வாங்கிய துணி மூட்டையும் பாதுகாப்பு இடரில் 60 வாங்கிய ரசாயனப் பீப்பாயும் ஒரே வரிசையில் நிற்கும். ஒவ்வொரு இடருக்கும் தனி மதிப்பெண், தனி வரம்பு, தனி நடவடிக்கை என்று பிரித்துவைப்பதே சரி.

இனி மதிப்பெண் எப்படி விழுகிறது என்பதற்கு வருவோம். மூலப்பொருள் ஆவணங்கள்தான்: மேனிஃபெஸ்ட் (கப்பலில் உள்ள சரக்குப் பட்டியல்), பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கு அறிவிப்பு. இவற்றைத் தனித்தனியாகப் படித்தால் எல்லாமே யோக்கியமாகத்தான் இருக்கும். ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போதுதான் உதைக்கும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 40 அடி கன்டெய்னர், அறிவிப்பில் "பிளாஸ்டிக் வீட்டு உபயோகப் பொருட்கள்", எடை 21 டன். 40 அடிப் பெட்டியின் உள் கொள்ளளவு சுமார் 67 கன மீட்டர். அட்டைப்பெட்டி அடுக்கினால் 55 முதல் 60 வரை நிறையும். வாளி, கூடை, டப்பா எல்லாம் காற்றை அடைத்து வரும் சரக்கு. கன மீட்டருக்கு 150 கிலோ என்று தாராளமாக வைத்தாலும் 9 டன்னைத் தாண்டாது. மீதி 12 டன் என்ன? எடையைத் தவறாகத் தட்டச்சு செய்திருக்கலாம், அல்லது உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. தவறான தட்டச்சா என்று பார்ப்பதும் சுலபம்: 2016 ஜூலை முதல் கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடை கொடுத்தாக வேண்டும். அதில் காலிப் பெட்டியின் எடையைக் கழித்தால் (40 அடிக்கு ஏறத்தாழ 3.8 டன்) உண்மை தெரிந்துவிடும். இதன் மறுபக்கமும் உண்டு. தரை ஓடு போன்ற கனமான சரக்கு 15 கன மீட்டருக்குள்ளேயே எடை வரம்பைத் தொட்டுவிடும், அதனால் 20 அடியில்தான் வரும். அது 40 அடியில் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி: காலி இடத்துக்கு எவன் வாடகை கொடுப்பான்?

இப்படியான அறிகுறிகள் நிறைய உண்டு. சரக்கின் விலையைவிடக் கப்பல் கூலி அதிகம். நேர்வழி இருக்க, இரண்டு துறைமுகம் சுற்றி வருகிறது. கப்பல் கிளம்பிய பிறகு பெறுநர் பெயர் மாறுகிறது. போன மாதம் பதிவான நிறுவனம் முதல் இறக்குமதியிலேயே உயர்வரிப் பொருளைக் கொண்டுவருகிறது. விவரம் "உதிரிபாகங்கள்", "பரிசுப் பொருட்கள்" என்று மொட்டையாக இருக்கிறது. விவரம் ஒன்று சொல்ல, ஆறு இலக்க ஹெச்.எஸ். கோட் (பொருளை வகைப்படுத்தும் சர்வதேச எண்) வேறொன்று சொல்கிறது. ஒரே முகவரியில் ஏழு நிறுவனங்கள்.

விலை என்ற அறிகுறியில் மட்டும் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் அதிகம் சொதப்புவது அங்கேதான். வழக்கமாகச் செய்வது இது: ஒரே ஹெச்.எஸ். கோட், ஒரே நாடு, ஒரே அளவலகு, கடந்த 12 மாதம். இவற்றின் அலகு விலைகளை ஏறுவரிசையில் அடுக்கி, அடிமட்டப் பத்து சதவீதத்தில் விழுபவற்றுக்குப் புள்ளி போடுவது. அளவலகு ஒருவருக்கு டஜன், ஒருவருக்கு எண்ணிக்கை, இன்னொருவருக்குக் கிலோ என்று கலந்திருந்தால் வரிசை முழுக்கக் குப்பை. டஜன் கணக்கில் எழுதியவன் பன்னிரண்டு மடங்கு நல்லவனாகத் தெரிவான். பழைய சாமானும் புதுச் சாமானும் ஒரே கோடில் வந்தாலும் இதே கதி. ஏற்கனவே எல்லாரும் குறைத்துக் காட்டும் பொருளாக இருந்தால், சராசரியே பொய்யாக இருக்கும். உண்மை விலை சொன்ன ஒருவர்தான் வரிசையில் தனியாகத் துருத்திக்கொண்டிருப்பார். இன்னொன்று: உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு விதிப்படி முதல் அடிப்படை உண்மையில் கொடுத்த விலை. ஆகவே விலைத் தரவுத்தளம் சந்தேகத்தை எழுப்பலாம், ஆவணம் கேட்கலாம். தரவுத்தளத்தில் உள்ள விலையை எடுத்து அப்படியே வரி போடக் கூடாது.

புள்ளிகளைக் கூட்டும்போது நடக்கும் பிழை ஒன்றைப் பல இடங்களில் காணலாம். "புது நிறுவனம்" 20, "முன் பதிவு இல்லை" 20, "இந்தப் பொருளை முதல்முறை கொண்டுவருகிறார்" 15. மூன்றும் ஒரே விஷயம். புதிதாகத் தொழில் தொடங்கிய அப்பாவி 55 புள்ளியோடு சிவப்பில் நிற்பார். ஐந்து வருடம் முன்பு பதிவு செய்து தூங்கவைத்திருந்த பெயர்ப்பலகை நிறுவனத்தை விலைக்கு வாங்கியவர் ஒரு புள்ளியும் இல்லாமல் கடந்துபோவார். அறிகுறிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்கின்றனவா என்று பழைய தரவில் சோதித்துப் பார்க்காமல் புள்ளி போடக் கூடாது.

மதிப்பெண் வந்ததும் வழி பிரிகிறது. ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்டாட் உருவாக்கிய, பல நாடுகள் பயன்படுத்தும் அசிகுடா சுங்க மென்பொருளில் நான்கு வழி: சிவப்பு என்றால் சரக்கைத் திறந்து சோதனை, மஞ்சள் என்றால் ஆவணச் சோதனை, பச்சை என்றால் விடுவிப்பு, நீலம் என்றால் இப்போது விடுவித்துவிட்டுப் பிறகு தணிக்கை. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் சிவப்பு என்பது கல்வெட்டு அல்ல. சோதனைக்கூடத்தில் நாளைக்கு 40 கன்டெய்னரை ஒழுங்காகப் பார்க்க ஆள் இருந்தால், வரிசையில் மேலே உள்ள 40 சிவப்புக்குப் போக வேண்டும். வரம்பைத் தாழ்த்தி 120ஐ அனுப்பினால் எல்லாவற்றையும் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கதவைத் திறப்பார்கள், முன்வரிசையில் இரண்டு பெட்டியைக் கிழிப்பார்கள், மூடுவார்கள். காகிதத்தில் 120 சோதனை நடந்திருக்கும், உண்மையில் ஒன்றுகூட நடந்திருக்காது.

நல்ல விதி என்றால் பெரும்பாலும் சரியாகப் பிடிக்கும் என்ற எதிர்பார்ப்பும் தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 அறிவிப்பில் 100 மோசடி. நம் விதி அந்த 100இல் 80ஐப் பிடிக்கிறது. நேர்மையான 9,900இல் 5 சதவீதத்தை, அதாவது 495ஐ, தவறாகச் சந்தேகிக்கிறது. மொத்தம் 575 சிவப்பு, அதில் 80 உண்மை. 14 சதவீதம். ஏழு பெட்டியைத் திறந்தால் ஆறில் ஒன்றும் இருக்காது. இது தோல்வி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் நூற்றுக்கு ஒன்றுதான் அகப்படும், இது பதினான்கு மடங்கு மேல். ஆனால் திறக்கப்பட்ட அந்த ஆறு பேருக்கும் அது தண்டனையாகத்தான் தெரியும்.

இந்தத் துறையில் எல்லாரும் தேர்வைப் பற்றியே பேசுகிறார்கள்: எந்த மென்பொருள், எந்த இயந்திரக் கற்றல் மாதிரி, எத்தனை அறிகுறி. என் கணிப்பில் அமைப்பின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது: பெட்டியைத் திறந்தவர் திரும்பி வந்து எழுதும் இரண்டு வரியில். அடுத்த மாதத்து விதிகள், மாதிரிகள், புள்ளிகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. "சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது" என்று எழுதினால் எதையும் கற்க முடியாது. முன்வரிசையா, முழுதுமா? எண்ணினாரா, எடைபோட்டாரா? விதி சந்தேகித்த விஷயத்தைப் பார்த்தாரா? பயன்படும் பதிவு இப்படி இருக்கும்: "420 பெட்டியில் 40 திறக்கப்பட்டன, 2, 5, 9ஆம் வரிசைகளிலிருந்து. 38 அறிவித்தபடி. 9ஆம் வரிசையின் 2 பெட்டிகளில் அறிவிக்காத கைப்பேசி பேட்டரி, மொத்தம் 600. விதி சந்தேகித்தது எடையை. எடை வித்தியாசத்துக்குக் காரணம் இதுவே." விதி பிடித்ததா, தற்செயலாக வேறொன்று அகப்பட்டதா என்பதும் இதில் இருக்கிறது. இல்லையென்றால் உதவாக்கரை விதியொன்று அதிர்ஷ்டத்தால் பிழைத்துக்கொண்டே இருக்கும்.

எதை வெற்றி என்று எண்ணுகிறார்கள் என்பதும் முக்கியம். முகவரியில் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்ததும் "முறைகேடு" என்று பதிவானால், அலுவலகத்தின் வெற்றி விகிதம் ஜொலிக்கும், கடத்தல் நிம்மதியாக நடக்கும். வரி வித்தியாசம் இத்தனைக்கு மேல், அல்லது தடைசெய்த பொருள் என்று எல்லை போட்டுத்தான் எண்ண வேண்டும்.

சோதனை ஆணையும் இதோடு சேர்ந்தது. "சோதிக்கவும்" என்று மட்டும் அனுப்புவது நோயைச் சொல்லாமல் நோயாளியை மருத்துவரிடம் அனுப்புவது போல. போலிச் சுவர் சந்தேகம் என்றால் உள்நீளத்தை அளக்கச் சொல்ல வேண்டும். சாதாரண 20 அடிப் பெட்டிக்குச் சுமார் 5.9 மீட்டர், 40 அடிக்குச் சுமார் 12 மீட்டர். குளிர்பதனப் பெட்டியில் இயந்திரம் இடத்தைத் தின்பதால் இதைவிடக் குறையும், அதைப் போலிச் சுவர் என்று நினைத்துவிடக் கூடாது. கதிர்வீச்சுக் கருவி கத்தினால், முதலில் சரக்கு என்ன என்று பார்க்கச் சொல்ல வேண்டும்; பீங்கான், பூனைக் கழிவு மணல், பொட்டாசியம் உரம் எல்லாம் இயல்பாகவே கத்தவைக்கும்.

இனி குருட்டுச் சோதனை. பச்சையில் போவதிலும் ஒரு சிறு பங்கைக் குலுக்கல் முறையில் எடுத்துத் திறந்தாக வேண்டும். சிவப்பில் போனதை மட்டும் திறந்து, அதன் முடிவை மட்டும் வைத்து மாதிரியைப் பயிற்றுவித்தால், அது தான் சந்தேகிப்பதை மட்டுமே மேலும் மேலும் சந்தேகிக்கும். புது வழியைக் கண்டுபிடித்தவனை ஒருபோதும் பார்க்காது. மேலே போட்ட கணக்கில் 9,425 பச்சையில் 20 மோசடி தப்பியிருக்கிறது. குலுக்கல் மட்டுமே அதைக் காட்டும், அதுவும் பொறுமையாக. 300 எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால், "மோசடி விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழே" என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம், அவ்வளவே. பூஜ்யம் என்று சொல்ல முடியாது. ஆளில்லை என்று முதலில் கைவிடுவது இந்தச் சோதனையைத்தான். அப்போது கைவிட்டது கண்ணாடியை என்பது தெரிவதில்லை.

நம்பகமான வணிகர் என்ற அங்கீகாரம் பெற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுங்க அமைப்பு 2005இல் ஏற்ற சேஃப் கட்டமைப்பு இதற்கு அடித்தளம்: கணக்கு, பாதுகாப்பு, வரலாறு எல்லாவற்றையும் திறந்து காட்டுபவருக்குச் சோதனை குறையும். குறையும், மறையாது. ஏனென்றால் கடத்தல்காரன் தேடுவது அப்படிப்பட்டவரின் பெட்டியைத்தான். ஏற்றும் துறைமுகத்தில் சீலை உடைத்து, கதவுக்குப் பின்னாலேயே நான்கைந்து பைகளை எறிந்து, போலி சீல் மாட்டி அனுப்புவான். இறங்கும் இடத்தில் இவன் ஆள் எடுத்துக்கொள்வான். இறக்குமதியாளருக்கு எதுவுமே தெரியாது. அவர் பெயரை வைத்துப் போடும் எந்தப் புள்ளியும் இங்கே உதவாது. வழித்தடம், துறைமுகம், பெட்டி எவ்வளவு நேரம் எங்கே நின்றது, ஆவணத்தில் உள்ள சீல் எண்ணும் கதவில் உள்ள சீல் எண்ணும் ஒன்றா, இவைதான் உதவும்.

பயணிகள் விஷயத்திலும் தத்துவம் இதுவே, தரவுதான் வேறு. பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள தலா 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரியும், டிக்கெட் முன்பதிவு விவரமும் விமானம் இறங்குமுன் வந்துவிடும்; 2017இல் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 2396ஆம் தீர்மானம் இதற்கான திறனை நாடுகள் உருவாக்க வேண்டும் என்றது. இங்கே பெரிய தலைவலி பெயர் ஒப்பீடு. முகமது என்ற ஒரு பெயர் ரோமன் எழுத்தில் பத்து விதமாக வரும். இறுக்கமாக ஒப்பிட்டால் தேடப்படுபவர் தப்புவார், தளர்த்தினால் அதே பெயருள்ள நூறு பேர் கவுன்டரில் நிற்பார்கள். பிறந்த தேதியும் ஆவண எண்ணும் சேராமல் பெயரை மட்டும் வைத்து யாரையும் நிறுத்துவது அராஜகம்.

உங்கள் முதல் கேள்விக்கு இப்போது வருவோம். ஆறாவது முறை சிவப்பு விழ மூன்று வாய்ப்புகள். ஒன்று, குலுக்கல், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இரண்டு, உங்களைச் சுற்றி ஏதோ மாறியிருக்கிறது: அதே ஹெச்.எஸ். கோடில் வேறு யாரோ பிடிபட்டு அந்தக் கோடுக்கே விதி போட்டிருக்கலாம், அல்லது உங்கள் பெட்டி இந்த முறை வேறு துறைமுகம் வழியாக வந்திருக்கலாம். மூன்று, நீங்களே கொடுத்த தரவு முன்னுக்குப் பின் முரண்: போன முறை கிலோவில் எழுதியது, இந்த முறை எண்ணிக்கையில். மூன்றாவது மட்டும்தான் உங்கள் கையில். பொருள் விவரத்தை ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களில், என்ன பொருள், எதனால் ஆனது, எதற்குப் பயன் என்பது தெரியும்படி எழுதுங்கள். அளவலகை மாற்றாதீர்கள். ஹெச்.எஸ். கோடில் சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே சுங்கத்துறையிடம் எழுத்துப்பூர்வமான முன்தீர்ப்பு வாங்கிவிடுங்கள். உங்களுக்காகச் சுங்க வேலையைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்டை மாற்றினால் பழைய அறிவிப்புகளின் நகலைப் புதியவரிடம் கொடுங்கள்; ஒரே சரக்குக்கு ஆளுக்கொரு விவரம் எழுதுவது அங்கேதான் தொடங்குகிறது.

பெட்டியைத் திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டால், கிடைத்தது போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். சோதனை முடிவு என்ன என்று எழுதியிருக்கிறார்கள் என்று ஏஜென்டைக் கேளுங்கள், நகல் கிடைக்குமானால் வாங்கி வையுங்கள். உங்கள் பெயருக்கு எதிரே "அளவு வித்தியாசம்" என்று தவறாக ஒரு வரி ஏறியிருந்தால் அன்றைக்கே ஆட்சேபித்துத் திருத்தச் சொல்லுங்கள். ஏழாவது பெட்டிக்கு மதிப்பெண் போடும்போது மென்பொருள் படிக்கப்போவது அந்த வரியைத்தான்.